நாலில் ஒரு அடி

வழக்கமாக முதலாளி முந்தானையை ஒரு முழம் பிரித்துப் பார்ப்பார், தராசில் வைப்பார், உள்ளே அனுப்பிவிடுவார். அன்றைக்கு முழுச் சேலையையும் பிரித்தார். மாடி ஜன்னலோரம் கட்டியிருந்த மூங்கில் கழியில் போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துவிட்டார். அரக்குச் சிவப்பு. சாயங்கால வெயில் அதற்குள் புகுந்து, சுவர், மேஜை, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் ரத்த நிறமாக ஆயின.

நெய்தது அக்கா. அவர் கூப்பிட்டது என்னை.

"தம்பி, நீ படிச்ச பையன்தான? இங்க வா. இதப் படி."

கிட்டே போனேன். சேலையின் அகலவாட்டில் மயிரிழை போலக் கோடுகள். கோடு போட்ட நோட்டைத் தூக்கிப் பிடித்த மாதிரி, மேலிருந்து கீழ்வரை.

"இன்னாமா இது, அமுதா? பட்டு நெய்யச் சொன்னா கோடு போட்டுக் குடுத்திருக்கற?"

நான் ஒரு விரலைத் துணியில் வைத்து மெல்ல இறக்கினேன். ஒரு இழை நெருக்கி அடித்தது. அடுத்த மூன்று இழை தளர்ந்து விழுந்தவை. மறுபடி ஒன்று நெருக்கி, மூன்று தளர்ந்து. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான் எண்ணவில்லை, விரல் தானாக எண்ணியது.

நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கோடே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த நாட்கள் அவை.

"இங்க மட்டும் சரியா இருக்குதே," என்றார் முதலாளி. "இங்க இன்னா ஆச்சு?"

எனக்குத் தெரியும். விரலைத் துணியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பாவு யார் கையில்

இந்தத் தொடரில் போன வாரம், அப்பா செத்துப்போன காலையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு அக்கா, "அழுதத எழுதியிருக்கற, அப்புறம் நடந்தத யார் எழுதுவா?" என்றாள். அப்புறம் நடந்தது இதுதான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு நீளமான ஒரே அறை. பாதியைத் தறி பிடித்துக்கொண்டது. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. மீதிப் பாதியில் சாப்பாடு, தூக்கம், என் பரீட்சைகள்.

வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருத்தன்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நின்றபோது, "கூடப் பொறந்தவங்க யாரும் படிக்கலையா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற அக்கா, "நான் எட்டாவதோட நின்னுட்டேன் சார்" என்றாள். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்வது போலச் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது.

அப்பா என்னைக் குழியில் இறங்கவே விட்டதில்லை. "ஒருத்தனாவது செருப்பு போட்டுக்கினு வேலை செய்யட்டும்" என்பார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நெய்து வளர்ந்தாள். ஆனால் முழுச் சேலையைத் தனியாக நெய்ய அவளுக்கு வாய்த்ததில்லை. வாய்க்க அப்பா சாக வேண்டியிருந்தது.

கருமாதி முடிந்த வாரத்தில் முதலாளி வந்தார். எங்கள் ஊரில் தறி நெய்கிறவனுடையது. பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற பட்டு நூல், முதலாளியுடையது. பாவு வந்தால் தறி ஓடும். வராவிட்டால் தறி வெறும் மரம்.

"தம்பி, நீ உக்காரக் கூடாதா?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார்.

"எனக்கு நெய்யத் தெரியாதுங்க. கம்பெனியில இருக்கேன்." ஒரகடத்தில் கணக்குப் பிரிவில் ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒருமுறை உயிர் போய் உயிர் வரும்.

"நான் நெய்யறேன் மொதலாளி," என்றாள் அக்கா.

அவர் தறியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பொம்பளைக் கை எளசும்மா. அடி ஒரே மாதிரி விழாது. சரி, உங்கப்பன் மூஞ்சிக்காக ஒரு பாவு தர்றேன். சின்னக் கரைதான், ஒரு ஆளே நெய்யலாம். மூணு பொடவை வரும். மூணும் சரியா வந்தா பாவு இந்த வீட்டுக்கே வந்துக்கினு இருக்கும். வரலன்னா நான் வேற வீடு பார்க்கணும், கோச்சிக்கக் கூடாது."

அவர் போன பிறகு அக்கா சொன்னாள்: "பாவு போச்சுன்னா பாக்கிங் கம்பெனி ஹாஸ்டல்தான்டா எனக்கு. நின்னுக்கினே அட்டைப்பெட்டி ஒட்டணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

முதல் சேலையை முதலாளி பார்த்துவிட்டு "ம்" என்றார். அவரிடம் அதற்கு மேல் நல்ல வார்த்தை கிடையாது.

ரப்பர்

அந்தச் சமயத்தில்தான் நான் டிரம்ஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. கம்பெனியில் கூட வேலை செய்கிறவனுக்குக் கல்யாணம். துக்கம் நடந்த வருஷத்தில் கல்யாண வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. மேனேஜரே வண்டி வைத்துக் கூப்பிட்டதால் போனேன். அங்கே இன்னிசைக் கச்சேரியில் டிரம்ஸ் வாசித்தவன் சதீஷ். மாகறல்காரன், என்னோடு காலேஜில் படித்தவன். நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டதால் என்னை மேடைக்கே இழுத்து, அவனுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்காரவைத்தான்.

அவன் காலால் பெரிய டிரம்மை மிதித்தபோதெல்லாம் சத்தம் காதுக்கு வரும் முன்பே நெஞ்சில் வந்து இடித்தது. அப்பா போன பிறகு நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை என்பது, அசைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"எனக்குக் கத்துக்குடுடா," என்றேன், பந்தியில்.

"செட்டு வெலை கேட்டா மயக்கம் போட்டு விழுவ மச்சான்."

"செட்டு இல்லாம?"

யோசித்தான். மறுவாரம் தன் பழைய குச்சி ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தான். நுனி சில்லு பெயர்ந்து, பிடி வழுவழுவென்று கறுத்திருந்தது. "பேடு ஒண்ணு பண்ணிக்க. ரப்பரா இருந்தா போதும். கை வந்துச்சுன்னா டிரம் எப்ப வேணா வரும்."

பஞ்சர் கடையில் லாரி டியூப் துண்டு ஒன்று வாங்கி, ஒட்டுப்பலகைமேல் இழுத்துக் கட்டி ஆணி அடித்தேன். அதுதான் என் டிரம்ஸ். பெரிய டிரம்முக்குப் பதில் வலது குதிகால், தரையில். தாளத்தட்டுக்குப் பதில் இடது கால் ரப்பர் செருப்பு. போனில் வீடியோ, போனிலேயே 'டிக் டிக்' என்று காலம் சொல்கிற ஆப். இயர்போனில் ஒரு காதுதான் வேலை செய்தது.

முதல் வாரம் மணிக்கட்டு வீங்கியது. வலது கை சொன்னபடி கேட்டது, இடது கை குச்சியைப் பிடித்துக்கொண்டு யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தது. வலது அடித்தால் 'டப்'. இடது அடித்தால் 'தொப்'. ஈரத் துணி விழுந்த மாதிரி.

சதீஷ் போனில் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நாலு நாலா எண்ணு. ஒண்ணுல அழுத்து. ஒண்ணு எங்க இருக்குதுன்னு தெரியலன்னா பாட்டுல இருக்கற எல்லாரும் தொலைஞ்சி போயிடுவாங்க."

ஆகவே ஒன்றில் அழுத்தினேன். மற்ற மூன்றையும் விட்டுவிட்டேன். புதிதாகக் கற்றுக்கொள்கிற எல்லோரும் செய்கிற தப்புதானாம் அது. ஒன்று மட்டும் விழும், மற்றவை சும்மா உரசிக்கொண்டு போகும்.

துக்க வீட்டில் சத்தம்

கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். முகம் கழுவிவிட்டு, தறிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அடிப்பேன். வேறு இடம் இல்லை.

அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். தறியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற கட்டை நாடா; அதற்குள் வைக்கிற சின்ன நூல்கண்டுதான் தார்.

"அப்பன் போய் வருஷம் திரும்பல. வீட்ல மேளமா?"

"மேளம் இல்லமா. ரப்பரு."

"ரப்பரோ கிப்பரோ. எதிர்வீட்டுக்காரி கேக்கறா, உங்க வீட்ல இன்னா விசேஷம்னு. நான் இன்னா சொல்றது? எம்புள்ள டிகிரி படிச்சி டியூப் அடிச்சிக்கினு இருக்கறான்னு சொல்லட்டா?"

"சொல்லேன்."

"மேளம் அடிக்க ஊர்ல வேற ஆளுங்க இல்லியா? நம்ம வீட்ல எவன் அடிச்சான்?"

அந்தக் கடைசி வரியில் அம்மா யாரைச் சொன்னாள், எதைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

குழிக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "உடும்மா. அடிக்கட்டும். பொழுதாவது போவுது."

அப்பா இருந்தவரை தறியில் பேச்சு ஓடும். இழை அறுந்தால் திட்டு, டீ வந்தால் ஊர்க்கதை. அப்பா போன பிறகு அக்கா பகல் முழுக்கத் தனியாக, சுவரைப் பார்த்து நெய்தாள். காலால் ஒரு மிதி, குறுக்கே நாடா, விழுந்த இழையை நெருக்க ஒரு அடி. மிதி, நாடா, அடி. மிதி, நாடா, அடி. நான் ரப்பரில் அடிக்கத் தொடங்கியதும் அவளுக்குத் துணை கிடைத்த மாதிரி ஆயிற்று.

"நீ அடிக்கறப்போ முதுகு வலி தெரியலடா," என்றாள் ஒரு நாள்.

இன்னொரு நாள், நான் சட்டை மாற்றுவதற்குள், "வந்துட்டியா? ஆரம்பி" என்றாள்.

நான் ஆப்பில் வேகத்தைக் குறைத்து வைத்தால் அவள் நிதானமாக நெய்தாள். கூட்டினால் நாடா பறந்தது. நான் தப்பு செய்து நின்றால் அவளும் கையை நிறுத்தி, "உம், எடு" என்பாள். அப்பா செத்த பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்தது அந்தச் சில வாரங்களில்தான். அம்மாகூட ஒருமுறை, "ரெண்டும் பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே டீயைத் தறிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நெய்கிறவர் கண்ணுக்கு முன்னால் கிடப்பது ஒரு சாண் துணிதான். நெய்ய நெய்ய அது மடிக்கு முன்னால் இருக்கிற படமரத்தில் சுருண்டுவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில், அந்த ஒரு சாணில், கோடு தெரியாது. ஜன்னலில் போட்டு வெயிலை உள்ளே விட்டால்தான் தெரியும்.

மறுபடியும் ஜன்னலோரம்

"ஒண்ணு போச்சு," என்றார் முதலாளி. சேலையைக் கழியிலிருந்து உருவி, மடிக்காமல் மூலையில் போட்டார். மடிக்காமல் போட்டதுதான் அக்காவை அடித்தது. அவள் போய் எடுத்து, ஓரம் சேர்த்து, தானே மடித்து வைத்தாள்.

"மூணும் சரியா வரணும்னுதான பேச்சு? சரி. தறியில இருக்கறத முடிச்சிக்கினு வா. அதப் பார்த்துட்டு முடிவு பண்ணிக்கறேன்."

ஷேர் ஆட்டோவில் கோயில் கூட்டம். பூக்கூடைக்காரி ஒருத்திக்கும் எங்களுக்கும் நடுவில் பூசணிக்காய் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. கச்சபேஸ்வரர் கோயில் தாண்டியதும் அக்கா கேட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சிதா?"

"எது?"

"நடிக்காதடா. ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

நான் வெளியே பார்த்தேன்.

"எனக்கு அங்கியே தெரிஞ்சிடுச்சி," என்றாள். "நீ இல்லாத பகல்லயும் எங்கையில உங்கையி பூந்துக்கினு இருக்குது."

வீட்டுக்கு வந்ததும் குச்சியையும் ரப்பரையும் கோணிப்பையில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த முகம் இல்லை அது.

நிற்காத கை

காய்ச்சலில் நான் அடிக்காத நாட்களில் கோடு விழவில்லையே; நான் நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம்.

மூன்றாவது சேலை நாலு முழம் வந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா குனிந்து, கட்டைவிரல் நகத்தைத் துணிமேல் வைத்து மெல்ல இழுத்தாள். நகம் தட்டித் தட்டிப் போனது. எழுந்து வெளியே போய், தெருக்குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிடிக்காமல் நின்றாள்.

அப்புறம் நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ரப்பர் இல்லை, குச்சி இல்லை. தறி மட்டும். டக், டக், டக், டக் என்று ஒன்றுபோல விழவேண்டியது, டம், டக், டக், டக் என்று விழுந்தது. நாலில் ஒன்று கனமாக. நான் பரணில் போட்டுவிட்டேன். அவள் எங்கே போடுவாள்?

எல்லாம் செய்து பார்த்தாள். டிவியை உரக்க வைத்து நெய்தாள். நெய்யும்போது அம்மாவைப் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னாள். கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு நெய்தாள். கவனமாக இருந்தால் பத்து அடி சரியாக விழும். கவனம் அசைந்ததும் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நுழைந்தேன். தறி ஓடவில்லை. அக்கா குழிக்குள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேல இருந்து அத எடு."

"எதுக்குக்கா? வேணாம்."

"எடுறா. கெடுத்தவன் நீதான? நீயே சரி பண்ணு."

"எனக்கே சரியா அடிக்கத் தெரியாதுக்கா."

"அப்ப கத்துக்க," என்றாள். "சீக்கிரம் கத்துக்க. பொடவை வளந்துக்கினே போவுது."

மொட்டை அடி

சதீஷிடம் கேட்டேன்: ஒன்று, இரண்டு எதுவும் தெரியாமல், எல்லா அடியும் ஒரே மாதிரி விழ என்ன செய்ய வேண்டும்?

"அதுதான்டா உலகத்துலயே கஷ்டம்," என்றான். "அதுவும் மெதுவா அடிச்சிப் பாரு, அழுதுடுவ. குச்சி ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்துல இருந்து விழணும். எடது கை ஒரு நூல் எறங்கினாலும் சத்தம் எறங்கிடும்."

கரித்துண்டால் சுவரில் ஒரு கோடு போட்டேன். குச்சி நுனி ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டுக்கு ஏறி இறங்க வேண்டும். ஆப்பில் முதல் அடிக்கு மட்டும் தனிச் சத்தம் வரும், அதை அணைத்தேன். இடது கைக்குப் பலம் வர, பல் துலக்குவது, வாளி தூக்குவது, கதவு திறப்பது எல்லாம் இடது கையால்.

"சோறும் அதாலயே துன்னுடு. அதான் பாக்கி," என்றாள் அம்மா. ஆனால் நான் வந்து உட்கார்ந்ததும் ராட்டையை நிறுத்திவிடுவாள். தார் சுற்றுகிற வேலை எல்லாவற்றையும் பகலிலேயே முடித்து வைத்திருப்பாள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு சத்தம் இருக்கக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

தறியின் வேகத்துக்கு அடித்தேன். ஒரு மூச்சுக்கு ஒரு அடி. வேகமாக அடித்தால் தப்பை மறைத்துவிடலாம். இந்த வேகத்தில் ஒவ்வொரு அடியும் அம்மணமாக நின்றது. வலது. இடது. வலது. இடது. பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஓட்டில் மழைத்தண்ணீர் சொட்டுவது மாதிரி.

"ரெண்டாவது செத்துக் கெடக்குது," என்பாள் அக்கா குழிக்குள்ளிருந்து.

திரும்ப அடிப்பேன்.

"இப்ப மூணாவது துள்ளுது."

திரும்ப.

சிரிப்பு இல்லை இப்போது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவளுக்கும் வந்தது. ஒருமுறை நான் குச்சியை வீசி எறிந்தேன். அவள் குழியிலிருந்து ஏறி, அதைப் பொறுக்கி, என் மடியில் வைத்துவிட்டு மறுபடி இறங்கினாள்.

அப்பாவின் தலை திவசம் நடுவில் வந்தது. அன்றைக்குத் தறியும் இல்லை, ரப்பரும் இல்லை. சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

சேலை பாதி வந்த வாரமாக இருக்கும். அக்கா நகத்தைத் துணியில் வைத்து இழுத்தாள். நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள்.

"இல்லடா," என்றாள்.

"இன்னா இல்ல?"

"கோடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சதீஷ் தன் குழுவின் ஒத்திகைக்குக் கூப்பிட்டான். நிஜ டிரம்ஸ் செட்டில் முதல் முறையாக உட்கார்ந்தேன். எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில், பளபளவென்று. அடித்தேன். எல்லோரும் கொஞ்ச நேரம் கேட்டார்கள். கீபோர்டு வாசிக்கிறவர் சதீஷைப் பார்த்தார்.

"மெஷின் மாதிரி அடிக்கற மச்சான்," என்றான் சதீஷ், தயங்கி. "சுத்தமா இருக்குது. ஆனா ஒண்ணு எங்கடா?"

அழுத்திப் பார்த்தேன். கை ஒப்பவில்லை. அழுத்த வேண்டிய இடம் வந்ததும் அது தானாக அடங்கிப்போனது. தேடித் தேடிப் பார்த்தும் ஒண்ணு என்னிடம் இல்லை. திரும்பி வருகையில் பஸ்ஸில் ஒரே ஒரு எண்ணம்: அக்கா கையிலிருந்து அதை எடுத்தாயிற்று. என் கையிலிருந்தும் எடுத்தாயிற்று.

கையைக் காட்டு

மூன்றாவது சேலையையும் முதலாளி கழியில் போட்டார். நெய்யத் தொடங்கிய பக்கத்திலிருந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடந்து நடந்து பார்த்தார்.

"கோடு. இங்கயும் கோடு. இங்கயும்." அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பாதி தூரம் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். துணியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். மீதிப் பாதியைக் கடைசிவரை பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார்.

"இங்கேர்ந்து வேற கை," என்றார். "பாதியில யாரும்மா உக்காந்தது?"

"யாரும் இல்ல மொதலாளி. நான்தான்."

"பொய் சொல்லாதமா. எத்தினி பொடவை பாத்திருப்பேன். ஒரு கை பாதி வழியில மாறாது. இது ஆம்பளை அடி. ஒரு இழை ஏறல, ஒரு இழை எறங்கல."

"நான்தான் மொதலாளி. சாமி சத்தியமா."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கையக் காட்டு தம்பி."

நீட்டினேன். பிடித்துத் திருப்பி, ஆள்காட்டி விரலின் அடியில், கட்டைவிரல் ஓரத்தில், குச்சி தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பு காய்த்திருந்த இடங்களைத் தன் பெருவிரலால் அழுத்தினார். கல் மாதிரி இருந்தது. இடது கையிலும் பார்த்தார். அங்கேயும் இருந்தது. முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டர் தட்டற கையாய்யா இது?"

நெய்கிறவர்களுக்குக் காய்ப்பு உள்ளங்கையில் வரும். முதலாளி வாங்கி விற்கிறவர். தறியில் உட்கார்ந்தவர் இல்லை. அவர் அக்காவின் கையைக் கேட்கவே இல்லை.

"இல்லங்க, இது வந்து..." என்று நான் தொடங்கினேன்.

அக்கா என் காலை மிதித்தாள். தறி மிதிக்கிற கால். எலும்பு வரை வலித்தது.

"தம்பிதான் மொதலாளி," என்றாள். "கம்பெனி உட்டு வந்து சாயங்காலத்துல உக்காருவான். அவனுக்குக் கூச்சம். அதான் சொல்லல."

"அப்படிச் சொல்லு. ரத்தம் எங்க போவும்? அப்பன் கை அப்படியே எறங்கியிருக்குது." கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டார். "அடுத்த பாவு நம்ம தம்பி ஏகாம்பரம் பேர்ல போடு. இதே சின்னக் கரையே குடு." பிறகு அக்காவிடம், கனிவாகத்தான், சொன்னார்: "நீ தார் சுத்திக் குடுமா தம்பிக்கு. பக்கத்துல உக்காந்து பாத்துக்கினே இருந்தா உனக்கும் வரும்."

"சரிங்க மொதலாளி."

பாவு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அட்டைப்பெட்டி ஒட்ட அவள் போக வேண்டியதில்லை. மாடிப்படி இறங்குகையில் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெருவில் பட்டுக்கடை வாசலெல்லாம் கல்யாணக் கூட்டம். ஒருத்தி ஒரு சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"வேற இன்னா சொல்றது?"

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லு. அப்புறம் பாவு எந்த வீட்டுக்குப் போவுதுன்னு பாரு."

கொஞ்ச தூரம் நடந்தோம். அவள் நின்று, முதலாளி செய்தது போலவே என் கையைப் பிடித்துத் திருப்பி, காய்ப்பை அழுத்திப் பார்த்தாள். அதை ஒரு சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"டெய்லி அடி," என்றாள். "பிடிச்சாலும் அடி, பிடிக்கலன்னாலும் அடி. இது மெத்துனு ஆச்சுன்னா எனக்குப் பாவு இல்ல."